பை போனது, டிராக்டர் வந்தது: ஆதார், பான் தொலைந்த பிறகு நடந்தவை

கேள்வி, 2024 ஜூன் 9
தங்கச்சியின் கைப்பை நேற்று ரயிலில் போய்விட்டது. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ஏ.டி.எம். கார்டு எல்லாம் அதில். செல்போன் மட்டும் கையில் இருந்ததால் தப்பித்தது. கார்டை பிளாக் பண்ணிவிட்டாள். யூடியூபில் ஒருவர் "உடனே கிரெடிட்டை ஃப்ரீஸ் பண்ணு, இல்லாவிட்டால் உன் பெயரில் எவனாவது கடன் வாங்குவான்" என்கிறார். அதை எங்கே போய்ப் பண்ணுவது?

ஜூன் 9, இரவு 10.40

தம்பி, அந்த யூடியூப்காரர் அமெரிக்க வீடியோவைப் பார்த்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். அங்கே யார் என்ன கடன் வாங்கினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று குறித்து வைக்க ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள். மூன்றிலும் போய் "என் கணக்கைப் பூட்டு" என்றால் பூட்டியாக வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து காசும் கிடையாது. நம் ஊரில் அந்த மூன்றின் இந்தியக் கிளைகளோடு சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க்கும் சேர்த்து நான்கு. ஆனால் நீங்கள் கேட்டால் பூட்டித்தான் ஆக வேண்டும் என்கிற சட்டம் இங்கே இல்லை. தேடி அலைய வேண்டாம். நான் ஒரு வாரம் தேடி அலைந்துவிட்டுச் சொல்கிறேன்.

எனக்கு இது ஏப்ரல் 21 அன்று நடந்தது. ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தேன், உசிலம்பட்டிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பி ஆரப்பாளையத்தில் இறங்கினால் தோளில் பை இல்லை. அன்றைக்கு மீனாட்சி திருக்கல்யாணம். பஸ்ஸில் நின்ற கூட்டத்தில் என் பையோடு சேர்த்து என்னையே யாராவது தூக்கிப் போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

பையில் ஆதார், பான், வாக்காளர் அட்டை, லைசென்ஸ், டெபிட் கார்டு. இதுவாவது பரவாயில்லை. மாடி எடுத்துக் கட்ட வீட்டுக் கடனில் டாப்-அப், அதாவது அதன் மேல் கூடுதல் கடன், கேட்டிருந்தேன். அதற்காக எல்லாவற்றிலும் ஆறு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, போட்டோவும் ஒட்டி வைத்திருந்தேன். திருடனுக்கு ஃபைல் போட்டுக் கொடுத்த மாதிரி.

நான் செய்த முட்டாள்தனம், நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. அத்தனை பேரும் திருவிழா பந்தோபஸ்தில். இருந்த ஒருவர் "உட்காருங்க" என்றார், உட்கார்ந்தேன். நான் அங்கே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கார்டு ஊர் சுற்றியிருக்கிறது. 11.20-க்கு பெட்ரோல் பங்கில் 1,200 ரூபாய். 11.41-க்குச் செருப்புக் கடையில் 1,899. பின் நம்பரே வேண்டாம், தட்டினால் போதும் என்கிற கார்டு அது. 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை அப்படித் தட்டலாம். போன் சட்டைப் பையில் சைலண்டில் கிடந்தது. எஸ்.எம்.எஸ். வந்ததையே 11.50-க்குத்தான் பார்த்தேன்.

11.52-க்கு பேங்க் எண்ணைக் கூப்பிட்டு பிளாக் பண்ணச் சொல்லி, புகார் எண் வாங்கினேன். அதற்குப் பிறகும் 12.07-க்கு ஒரு செல்போன் கடையில் 4,400 போனது!

ஆக வரிசை இதுதான். போனும் சேர்ந்து தொலைந்திருந்தால் முதலில் சிம்மை நிறுத்த வேண்டும், ஓ.டி.பி. எல்லாம் அங்கேதான் போகும். பிறகு பேங்க். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930. போலீஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது பெரிதாகத் தேவைப்படாது.

தங்கச்சி போனைக் காப்பாற்றியதே பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

ஜூன் 10, காலை

நேற்று கடைசியில் போலீஸ் தேவைப்படாது என்று எழுதியது தப்பு. தூக்கக் கலக்கம். தேவைப்படும், ஆனால் ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை, சுருக்கமாக எல்.டி.ஆர்., என்று ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்தே போட்டு அப்போதே இறக்கிக்கொள்ளலாம். லைசென்ஸ் டூப்ளிகேட் வாங்க அது போதும்.

ஆனால் பெயரைப் பாருங்கள், "தொலைந்த" ஆவணம். திருட்டுக்கு அது இல்லை. பை அறுக்கப்பட்டதோ, பணம் போனதோ என்றால் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்க வேண்டும். ஸ்டேஷனில் எனக்கு அன்பாகவே சொன்னார்கள்: "திருட்டுன்னு எழுதாதீங்க சார், தொலைஞ்சுபோச்சுன்னு எழுதுங்க, சீக்கிரம் முடியும்." சீக்கிரம் முடிந்தது உண்மைதான். ஆனால் அதே தாளை வைத்துக்கொண்டு பேங்க்காரர் "நீங்களே தொலைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அப்போது உங்கள் கவனக்குறைவுதானே" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பணக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. நம் கவனக்குறைவே என்றாலும் பேங்க்குக்குச் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகிற பணம் அவர்கள் தலையில். பேங்க்கின் மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமே இல்லை. என் கேஸில் முதல் இரண்டும் என் தலையில் விழுந்தன. 12.07-க்குப் போன 4,400 மட்டும், புகார் எண்ணையும் நேரத்தையும் காட்டிய பிறகு திரும்ப வந்தது. மொத்த நஷ்டம் 3,099. திருடன் நல்ல செருப்பாகத்தான் வாங்கியிருக்கிறான்.

ஜூன் 10, மாலை

ஒன்றை விட்டுவிட்டேன். ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டச் சொல்லுங்கள் தங்கச்சியை. எம்-ஆதார் செயலியிலோ ஆதார் தளத்திலோ ஐந்து நிமிஷ வேலை. பேங்க் பெயர், ஆதார் எண், விரல் ரேகை மூன்றும் இருந்தால் சின்ன கைக் கருவியில் பணம் எடுக்கிற வசதி நாடு முழுக்க இருக்கிறது. அதற்கு ஓ.டி.பி. கிடையாது. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை ரப்பரில் வார்த்து எடுத்த கேஸ்கள் ஆந்திரம், தெலங்கானாப் பக்கம் நிறைய வந்தன.

ஆதார் எண்ணையே பூட்டுகிற வசதியும் உண்டு. அதற்கு முன்னால் 16 இலக்க மெய்நிகர் எண் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு எங்கே போனாலும் அந்த எண்தான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, ரேகையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 13

ரேகையைப் பூட்டினால் என்ன ஆகும் என்று இன்று தெரிந்தது.

எங்கள் வீட்டில் ரேஷன் கடைக்குப் போவது நான். வரிசையில் நின்று, என் முறை வந்து, விரலை வைத்தால் மெஷின் ஏற்கவில்லை. வலது கை, இடது கை, பத்து விரலும் பார்த்தாகிவிட்டது. பின்னால் இருந்த அக்கா "கையத் தொடச்சிட்டு வையுங்கண்ணே" என்று முந்தானையையே நீட்டினார். கடைக்காரர், "கல்லு உடைக்கிற வேலையா சார் பாக்குறீங்க?" என்று கேட்டார். நான் பார்ப்பது அச்சகத்தில் கணக்கு வேலை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நானே ஏப்ரலில் பூட்டியது நினைவுக்கு வந்தது. செயலியில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திறந்து வைக்கலாம், தானாகத் திரும்பப் பூட்டிக்கொள்ளும். கடை வாசலில் நின்று அதைச் செய்துவிட்டு உள்ளே போனால் போதும். பாமாயில் அதற்குள் தீர்ந்துவிட்டது என்பது வேறு கதை.

ஜூன் 16

இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார், பான் தொலைந்தால் புது நம்பர் கேட்டு வாங்கிவிடலாமே, பழையது செத்துப்போகுமே என்று. வேண்டவே வேண்டாம். ஒருவருக்கு ஒரு பான்தான், இரண்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். 50 ரூபாய் கட்டினால் அதே எண்ணில் அட்டையை அடித்து அனுப்புவார்கள், இல்லையென்றால் இ-பான் இறக்கிக்கொள்ளலாம். எதுவானாலும் எண் மாறாது. ஆதாரும் அப்படியே. பூட்டை மாற்றாமல் சாவியை மட்டும் இன்னொன்று வெட்டிக்கொள்கிற கதை. பழைய சாவி எவன் கையிலோ இருந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் எனக்கு அட்டைகளை விட அந்த ஆறு செட் ஜெராக்ஸ்தான் இன்னும் உறுத்தல். அசல் அட்டையை நீட்டினால் எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். கையெழுத்துப் போட்டு போட்டோ ஒட்டிய நகலை யார் பார்க்கிறார்கள்?

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நகலின் குறுக்கே, எழுத்தின் மேலேயே பேனா ஓடும்படி "வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கு மட்டும், தேதி இன்னது" என்று எழுதிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைத் தம்பி "அண்ணே, எழுத்து மறையுது, திருப்பி அனுப்பிருவாங்க" என்றான். இதுவரை ஒரு இடத்தில்தான் திருப்பினார்கள். ஆதாரில் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் ஒன்றும் இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் அதைத்தான் கொடுக்கிறேன்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் "யாருக்கும் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், மறைப்பு ஆதார் கொடுங்கள்" என்று அறிவிப்பு விட்டது. நாடே கலவரமானதும், தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எனக்கு அந்த முதல் அறிவிப்புதான் சரி என்று படுகிறது.

சொன்னால் சிரிப்பீர்கள். போன வருஷம் டீக்கடையில் பருப்பு வடையை ஒரு தாளில் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெயில் ஊறி, ஒரு அம்மாவின் வாக்காளர் அட்டை நகல், போட்டோவோடு. வடையைத் தின்றுவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 22, இரவு 11.55

இன்று மாலை கடன் அறிக்கை இறக்கினேன். கை நடுங்குகிறது.

ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017-லிருந்து, முதல் நாள் சொன்ன அந்த நான்கு நிறுவனங்களும் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். (நாமே எடுத்துப் பார்ப்பதால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று அதில் போடுகிற மதிப்பெண் குறையாது. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் குறையும் என்று நம்பி இதுவரை பார்த்ததே இல்லை.) வீட்டுக் கடன் இருக்கிறது, சரி. மதினிக்கு வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ் தவணை இருக்கிறது, சரி. மூன்றாவதாக டிராக்டர் கடன்!

எனக்கு ஒரு செண்டு வயல் கிடையாது. டிராக்டரில் ஏறினதே சின்ன வயதில் தேங்காய் லோடு மேலே உட்கார்ந்து போனபோதுதான். தவணைகளும் பல மாதம் தாமதம். 60 நாள் தள்ளிப்போனது என்றெல்லாம் சிவப்பில் இருக்கிறது. மதிப்பெண் 648. 300-க்கும் 900-க்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டாப்-அப் ஏன் ஒரு மாதமாக "பரிசீலனையில்" இருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது.

2022-ல் சன்னி லியோனி தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் செயலிக் கடன் வாங்கியதாக ட்விட்டரில் எழுதினார். இரண்டு மாதம் கழித்து ராஜ்குமார் ராவ், அவருக்கு 2,500. அப்போது சிரித்தேன். அந்த ஆறு செட்டில் ஒன்றுதான் இது, சந்தேகமே இல்லை. காலையில் போலீஸுக்குப் போகிறேன், இந்தத் தடவை திருட்டு என்றுதான் எழுதுவேன்.

ஜூன் 23, காலை 7.10

போகவில்லை.

ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு புண்ணியவான் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார்: "அண்ணே, கடன் திறந்த தேதி என்ன?"

2019 நவம்பர்.

பை போனது 2024 ஏப்ரல். திருடன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நாலரை வருஷம் பின்னால் போய்க் கடன் வாங்க முடியாது. நேற்று ராத்திரி அந்தத் தேதி என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. தொகையைப் பார்த்தவன் தேதியைப் பார்க்கவில்லை.

ஜூன் 23, மாலை

காலையிலிருந்து யோசித்து, அண்ணனிடமும் பேசிவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். இனிஷியல் எம். பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைப் போட்டேன். பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து அந்தக் குடும்பப் பெயரின் முதல் எழுத்து, ஆக நம்மில் பலருக்கு அது அப்பாவின் எழுத்து. ஆதாரில் இனிஷியல் பின்னால். லைசென்ஸில் முன்னால். பேங்க்கில் இனிஷியலே விரிந்து அப்பா பெயர் முழுசாக, அதுவும் ஒரு எழுத்து கூடுதலாக. ஒரே ஆள் நாலு ஆளாக இருக்கிறேன். அப்படியிருக்க நாலு ஆள் ஒரே ஆளாவதற்கு என்ன கஷ்டம்?

பிறந்த தேதி வேறாக இருக்குமே என்பீர்கள். அங்கேதான் விஷயம். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் யாருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தேதி தெரியாது என்று அப்பா சொன்னால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்கிற கணக்குக்கு ஹெட்மாஸ்டர் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். எனக்கு ஜூன் 1. என்னோடு சேர்ந்தவர்களில் ஏழு பேருக்கு ஜூன் 1. பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் அதே முறைதான். அம்மாவைக் கேட்டால் நான் பிறந்தது ஐப்பசியில், விடாத மழை என்பாள்.

ஆக, அதே தாலுகாவில், அதே பெயரில், அதே எம் இனிஷியலோடு, அதே வருஷம் ஜூன் 1-ல் "பிறந்த" ஒருவர் டிராக்டர் வாங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பான் எண்ணை வைத்தாவது எங்கள் இருவரையும் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. நாளை அந்த டிராக்டர் கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.

ஜூன் 24

போய் வந்தேன். அங்கிருந்த மேடம் விவரம் எதுவும் தர முடியாது என்றார், நியாயம்தான். ஆனால் என் பான் எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு, "இந்த எண்ணில் எங்களிடம் கடனே இல்லை சார். அது ஃபார்ம் 60-ல் கொடுத்தது" என்றார். பான் இல்லாதவர்கள் எழுதிக் கொடுக்கிற தாள் அது. பான் இல்லாத அந்தக் கணக்கை, பெயர், தேதி, ஊர் மூன்றையும் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் என் கணக்கில் சொருகியிருக்கிறது.

இன்றே இரண்டு பக்கமும் புகார் கொடுத்துவிட்டேன். அறிக்கை தருகிற நிறுவனத்தின் தளத்தில் ஒன்று, கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் ஒன்று. அறிக்கைக்காரர்கள் தாங்களாக எதையும் அழிக்க மாட்டார்கள். கடன் கொடுத்தவரைக் கேட்பார்கள், அவர் "ஆமாம், தப்பு" என்றால்தான் மாற்றுவார்கள்.

ஜூலை 2

மேலே ஒருவர், "புகார் கொடுத்தால் ஆறு மாதம் இழுப்பார்கள், விட்டுவிடுங்கள்" என்கிறார். அது பழைய கதை. 30 நாள் கெடு. அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். 30-ஐத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும், இந்த ஏப்ரல் 26 முதல் நடைமுறை. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448. 2022 செப்டம்பரிலிருந்து கடன் அறிக்கை நிறுவனங்களும் அவருக்குக் கீழே வந்துவிட்டன.

ரிசர்வ் வங்கி கூடவே போட்ட இன்னொரு உத்தரவில் எனக்குப் பிடித்தது: யாராவது உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு எஸ்.எம்.எஸ்ஸோ மின்னஞ்சலோ வர வேண்டும். தம்பி, நீங்கள் கேட்ட "ஃப்ரீஸ்" இங்கே இல்லை என்றேனே, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது இதுதான். கதவைப் பூட்ட முடியாது, ஆனால் திறந்தால் மணி அடிக்கும். எனக்கு ஏன் அடிக்கவில்லை என்று பார்த்தால், அறிக்கையில் இருக்கிற செல் எண் நான் 2013-ல் விட்டுவிட்ட எண். அது இப்போது யாரிடமோ இருக்கிறது. நான் டாப்-அப் கேட்டதற்கு அந்த ஆளுக்குத்தான் மணி அடித்திருக்கும்.

தங்கச்சியின் அறிக்கையில் என்ன எண், என்ன மின்னஞ்சல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜூலை 14

மூன்று இடத்தில் எட்டிப் பார்த்தேன்.

ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடலாம், அந்தப் பானில் எங்கெங்கே ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது என்று காட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. நகல் பானை வைத்துக் கம்பெனி திறந்து, கூலி வேலை செய்கிறவர்களுக்குக் கோடிக் கணக்கில் வரி நோட்டீஸ் வந்த கொடுமையெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். இதைச் சும்மா பார்க்கலாம், கணக்கே தேவையில்லை.

ஆதார் தளத்தில், கடந்த ஆறு மாதத்தில் எங்கெல்லாம் நம் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல். அதிலும் வில்லங்கம் இல்லை. ரேஷன் கடையில் நான் பட்ட பாடு மட்டும் வரிசையாக இருக்கிறது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் என்று பார்க்கலாம். ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதி. எனக்கு நான்கு காட்டியது. மூன்றுதான் தெரியும். நான்காவதை "இது என்னுடையது இல்லை" என்று அமுக்கப் போனேன். சமையலறையிலிருந்து மனைவி வந்து எட்டிப் பார்த்து, "அது கொரோனாவுல பெரியவன் ஆன்லைன் கிளாஸுக்கு டாங்கிள் வாங்குனீங்களே, அதோட நம்பர்" என்றாள். டாங்கிள் இன்னும் பரணில் கிடக்கிறது.

டிராக்டருக்குப் பிறகு எதைப் பார்த்தாலும் உடனே அமுக்குவதில்லை, தேதியைப் பார்க்கிறேன்.

ஜூலை 29

டிராக்டர் போய்விட்டது. நேற்று பதில் வந்தது, கணக்கு நீக்கப்பட்டது என்று. கெடு ஜூலை 24. நான்கு நாள் தாமதம், ஆக 400 ரூபாய் எனக்கு வர வேண்டும். கேட்டு எழுதியிருக்கிறேன். 400 ரூபாய் பெரிதில்லை, ஆனால் செருப்புக் கணக்கில் கொஞ்சம் ஈடு கட்டுமே.

மதிப்பெண் இன்னும் மாறவில்லை.

ஆகஸ்ட் 17

400 வந்துவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்காதீர்கள்.

மதிப்பெண் 731. டாப்-அப் சரியாகிவிடும் போல.

ஆகஸ்ட் 30

தபால்காரர் இன்று ஒரு பழுப்பு உறை கொடுத்தார். உள்ளே என் லைசென்ஸும் வாக்காளர் அட்டையும். தபால் பெட்டியில் கிடந்ததாம். பணமும் பையும் எடுத்துக்கொண்டு அட்டைகளைத் தபால் பெட்டியில் போட்டிருக்கிறான். ஆதாரும் பானும் இல்லை, ஜெராக்ஸ் ஒரு செட்டும் இல்லை. நாலு மாதம் எங்கே வைத்திருந்தான், ஏன் இப்போது போட்டான், ஒன்றும் புரியவில்லை. வாக்காளர் அட்டைக்கு படிவம் 8 கொடுத்து புதிது வந்தாகிவிட்டது. லைசென்ஸும் டூப்ளிகேட் வந்தாகிவிட்டது. இப்போது இரண்டிரண்டாக இருக்கிறது. பழைய லைசென்ஸை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மனைவி சொல்கிறாள், "நல்ல திருடன்." 3,099 அவளுடைய பணமாக இருந்தால் அப்படிச் சொல்வாளா?

அக்டோபர் 6

நான்கு நிறுவனம், நான்கு இலவச அறிக்கை. ஒரே நாளில் நான்கையும் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருஷம் முழுக்கக் கண் வைத்த மாதிரி இருக்குமே என்று ஒரு யோசனை. ஜூனில் ஒன்று ஆயிற்று. இன்று இரண்டாவது நிறுவனத்தில் எடுத்தேன்.

டிராக்டர் இங்கேயும் இருக்கிறது.

அங்கே சரி செய்ததால் இங்கேயும் சரியாகியிருக்கும் என்று நம்பினது என் தப்பு. நாலு இடத்திலும் தனித்தனியாக அழ வேண்டும். எனவே மேலே "டிராக்டர் போய்விட்டது" என்று எழுதியதை, ஒரு வீட்டை விட்டுப் போய்விட்டது என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என் யோசனையும் முதல் தடவைக்குச் சரிவராது. பறிகொடுத்தவர்கள் நான்கையும் ஒன்றாக எடுத்துப் பாருங்கள், தங்கச்சிக்கும் அப்படியே. மூன்று மாதக் கணக்கு அடுத்த வருஷத்திலிருந்து.

ஆனால் ஒரு ஆச்சரியம். இங்கே அந்தக் கடன் "முடிக்கப்பட்டது" என்று இருக்கிறது. ஆகஸ்டில் கடைசித் தவணை. பாக்கி பூஜ்யம். தாமதங்கள் எல்லாம் 2020, 2021-ல்தான், கொரோனா நேரம். அதற்குப் பிறகு ஒரு மாதம் கூடத் தவறவில்லை. மனுஷன் கட்டி முடித்துவிட்டார். நான் அவரை ஜூன் மாதம் ஒரு ராத்திரி முழுக்கத் திருடன் என்று நினைத்துத் தூங்காமல் கிடந்தேன்.

இந்த நிறுவனத்தில் என் மதிப்பெண் 752. அங்கே டிராக்டர் இல்லாமல் 731, இங்கே டிராக்டரோடு 752. ஒவ்வொரு நிறுவனமும் கணக்குப் போடுகிற விதம் வேறு, அதனால் டிராக்டர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். நல்லபடியாகக் கட்டி முடித்த கடன், எனக்கு என்ன கெடுதல்? அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று. மனைவியிடமும் சொன்னேன்.

"டிராக்டரைக் கட்டி முடிச்சவரு சும்மா இருப்பாரா? அடுத்து அறுவடை மிஷின் வாங்குவாரு" என்றாள்.

இப்போதுதான் புகார் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நவம்பர் 5 வரை கெடு.